கீழ்த்தட்டிலிருந்து வந்த நீல் வார்னாக்

பெரிய கால்பந்து ஆட்டக்காரர்தான் பெரிய பயிற்சியாளர் ஆவார் என்று யாராவது வாதாடினால், நான் எடுத்துப்போடும் பெயர் நீல் வார்னாக்.

ஷெஃபீல்டில் 1948இல் பிறந்தவர். செஸ்டர்ஃபீல்டில் தொடங்கி குரூ வரை எட்டு கிளப்புகளில் விங்கராக ஓடினார். எல்லாமே இங்கிலாந்து லீக்கின் கீழ்ப்படிகள். முதல் டிவிஷனில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆட்டம் முடிந்தபின் சோற்றுக்கு வழி வேண்டுமே, பாத சிகிச்சை படித்து அந்தத் தொழிலும் பார்த்தார். கூடவே கெய்ன்ஸ்பரோ, பர்ட்டன் என லீக்குக்கு வெளியே இருந்த சிறிய அணிகளுக்கு மேனேஜர்.

அந்தக் காலத்தில் லீக்குக்குள் நுழைய, உள்ளே இருக்கும் கிளப்புகள் ஓட்டுப் போட்டுச் சேர்க்க வேண்டியிருந்தது. 1987இல் விதி மாறியது: லீக்குக்கு அடுத்த கீழ்ப்படியான கான்ஃபரன்ஸின் சாம்பியனுக்கு நேரடி இடம். அந்த முதல் வருடமே வார்னாக்கின் ஸ்கார்பரோ அணி சாம்பியனாகி உள்ளே போனது. அதற்கு இடம்விட்டு லிங்கன் சிட்டி வெளியேறியது.

அதன்பின் நாட்ஸ் கவுன்டி, ஹடர்ஸ்ஃபீல்ட், பிளிமத், ஷெஃபீல்ட் யுனைடெட், கியூபிஆர், 2018இல் கார்டிஃப். மொத்தம் எட்டு பதவி உயர்வுகள்!

நடுவர்களோடு சண்டை, வாய்த்துடுக்கு, கரடுமுரடான ஆட்டம் என்று அவரைத் திட்டுபவர்கள் ஏராளம். திட்டட்டும். மாதச் சம்பளம் வருமா என்று தெரியாத ஆட்டக்காரனின் பயம் அவருக்குத் தெரியும். அந்தப் படிப்பை எந்த அகாடமியும் கற்றுத்தராது.