ஓரத்தில் இருந்த வங்கி முத்திரை

அது 2019-ல் வந்த கோப்பு. கல்விக் கடன் பாக்கிக்காக ஒரு வங்கி, தாவா போடுவதற்கு முன்பே மக்கள் நீதிமன்றத்துக்கு மனு அனுப்பியிருந்தது. எதிர்மனுதாரர்கள் பொறியியல் படித்த ஒரு பெண்ணும், இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்ட அவள் அப்பாவும். பெண் என்பதால் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அந்த வழியில்தான் கோப்பு என்னிடம் வந்தது.

அப்பா தண்டராம்பட்டுப் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறவர். அழைப்பு நோட்டீஸையே தீர்ப்பு என்று நினைத்திருந்தார். "வக்கீல் சார், வூட்ட ஏலம் வுட்ருவாங்களா?"

"ஐயா, வீட்டுப் பத்திரம் எதையாவது அடமானம் வெச்சீங்களா?"

வைக்கவில்லை. நான்கு லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் சொத்து ஈடு கேட்பதில்லை. ஈடு இல்லாத கடனுக்கு, ஈட்டுச் சொத்தை வழக்கில்லாமலே கைப்பற்ற வழிவிடும் சர்ஃபேசி சட்டத்தை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நிற்க முடியாது. வழக்குப் போட்டு, தீர்ப்பாணை வாங்கி, பிறகுதான் நிறைவேற்று மனு. இதைச் சொன்ன பிறகுதான் அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். 2016-ல் மதுரையில் ஒரு பொறியியல் பட்டதாரி, கல்விக் கடன் வசூல் நெருக்கடியில் உயிரை விட்ட செய்தி அவருக்குத் தெரியும். வசூல்காரர்களின் போன் வரும்போதெல்லாம் மகளை நினைத்துப் பயந்திருக்கிறார்.

2012-ல் கலந்தாய்வில் சேர்ந்தவள். வாங்கிய கடன் மூன்று லட்சம். வங்கி இப்போது திருப்பிக் கேட்டது ஐந்து லட்சத்துக்கு மேல். கணக்குப் பட்டியலை வாங்கி வரி வரியாகப் பார்த்தேன். படித்த நான்கு வருடமும் அதற்கடுத்த ஒரு வருடமும் வட்டி ஏறிக்கொண்டே போயிருந்தது. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். பெற்றோரின் ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புக் கடனுக்கு அந்தத் தவணை விடுப்புக் காலத்து வட்டி முழுவதையும் மத்திய அரசே மானியமாகக் கட்டும் திட்டம் 2009-10 முதல் இருக்கிறது. மாணவர் நேரடியாக வாங்க முடியாது. வங்கிதான் கோர வேண்டும். இந்தக் கணக்கில் ஒரு ரூபாய்கூட வரவு இல்லை.

"வருமானச் சான்று கொடுத்தீங்களா?"

தாசில்தார் கொடுத்த சான்றின் நகலை மகள் எடுத்து நீட்டினாள். ஓரத்தில் கிளையின் முத்திரையும் தேதியும் இருந்தன.

மக்கள் நீதிமன்ற அமர்வில் அந்த நகலை வைத்தேன். பழைய ஆண்டுகளுக்கு இனி மானியம் கோர வழியில்லை என்றார் வங்கி அதிகாரி. அப்படியானால் அந்த வட்டியை இந்தக் குடும்பத்திடமும் கோரக் கூடாது என்றேன். அமர்வில் இருந்த நீதிபதி முத்திரையை இரண்டு முறை பார்த்தார். மூன்றேகால் லட்சம், மாதத் தவணையில், என்று முடிந்தது.

தொகையைவிட ஒரு வாசகத்துக்காகத்தான் நான் அதிக நேரம் பேசினேன். வெறுமனே சமரசம் என்று பதிந்தால் சிபில் அறிக்கையில் அது குறையாகவே நிற்கும். தவணை முடிந்ததும் கணக்கு முழுமையாக முடிந்ததாகப் பதிந்து, பாக்கியில்லாச் சான்றும் தர வேண்டும் என்று எழுத வைத்தேன். மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. எழுதாமல் விட்டதைப் பிறகு கேட்க முடியாது.

ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்த்துக்கொண்டே அவள் தவணையைக் கட்டி வந்தாள். அரசுப் பள்ளியில் படித்த தம்பி, 2021-ல் தொழிற்படிப்புகளுக்கு வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தான். கட்டணத்தை அரசே ஏற்றது. அவனுக்காக அப்பா எந்த வங்கியிலும் கையெழுத்துப் போடவில்லை.