பால் பல்தானே என்று விட்டதில்...

ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகனுக்குத் தலை வாரிவிடும்போதுதான் அம்மா கவனித்தார். இடது கன்னம் லேசாக வீங்கியிருந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. தாடையைத் தடவினால் மட்டும் மேடாகத் தட்டுப்பட்டது.

பல் டாக்டர் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். சொத்தையான பால் கடைவாய்ப் பல்லுக்குக் கீழே கறுப்பாக ஒரு வட்டம். எலும்புக்குள் நீர்க்கட்டி! அடுத்து முளைக்க வேண்டிய நிரந்தரப் பல்லை அது தாடையின் அடிவிளிம்பு வரை தள்ளியிருந்தது.

"பால் பல்தானே, விழுந்து முளைச்சிடும்னு விட்டுட்டோம் டாக்டர். இப்போ அந்தப் பல்லையும் எடுத்துடுவீங்களா?" அம்மாவுக்குக் கண் கலங்கியது.

"அவசரப்பட வேண்டாம்மா. வளர்ற வயசு. கட்டியோட அழுத்தத்தைக் குறைச்சா, எலும்பு தானா வளரும். பல்லும் மேலே வர வாய்ப்பிருக்கு."

புது வைத்தியமல்ல இது. ஜெர்மானிய டாக்டர் கார்ல் பார்ட்ஷ் 1892-லேயே எழுதிவைத்த முறை. மரத்துப்போக ஊசி போட்டு, சொத்தைப் பல்லை எடுத்தார்கள். அந்தக் குழி வழியாகக் கட்டியில் சின்னத் திறப்பு. அதில் ஒரு குட்டிக் குழாய். கட்டியின் சுவரில் ஒரு துணுக்கு பரிசோதனைக்குப் போனது. எல்லாக் கட்டிக்கும் இந்த முறை ஒத்துவராது, சில வகை திரும்பவும் வரும் என்பதால் அந்தப் பரிசோதனை முக்கியம். நல்லவேளை, பயப்படும்படி எதுவும் இல்லை.

வீட்டில்தான் உண்மையான வைத்தியம். காலையும் இரவும், ஊசியில்லாத சிரிஞ்சில் சலைன் எடுத்து அந்தக் குழாய் வழியே கழுவ வேண்டும். முதல் மூன்று நாள் பையன் மொட்டைமாடிக்கு ஓடினான். ஊர்த் திருவிழாவுக்குப் போன இரண்டு நாள் கழுவாமல் விட்டதில் குழாய் அடைத்து, வாய் நாறியது. மறுபடி டாக்டரிடம் ஓட்டம். அதன்பிறகு கண்ணாடி முன் நின்று அவனே கழுவக் கற்றுக்கொண்டான்.

நாலாம் மாத எக்ஸ்ரேயில் கறுப்பு வட்டம் பாதியாகச் சுருங்கியிருந்தது. பல் மேலே நகர்ந்திருந்தது. பிறகு குழாயை எடுத்தார்கள். ஒரு வருடம் நெருங்கும்போது ஈறில் வெள்ளையாக ஒரு முனை!

"அம்மா, வந்துடுச்சு!" என்று வாயைத் திறந்து காட்டினான்.

அம்மா அன்று சாயங்காலமே பல் டாக்டரிடம் போனார். இந்த முறை மகனுக்காக அல்ல. சின்ன மகளின் பால் பல்லில் கடுகளவு கறுப்புப் புள்ளி.