படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போன பயணங்கள்

ரயில் படுக்கைக்கு மெத்தை வந்தபோதுதான் ஹோல்டாலுக்கு வேலை போனது. 1977-ல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே, இரண்டாம் வகுப்புப் பயணிகள் வெறும் மரப்பலகையில் படுத்துப் போகும் நிலைக்கு முடிவு கட்டினார். பலகைக்கு மேல் இரண்டு அங்குல ஸ்பாஞ்சு, அதற்கு மேல் ரெக்சின். ஏழை எளியவர்களின் முதுகை நினைத்துப் பார்த்த மனிதர். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனாலும் பலகைக் காலத்தில் ஊருக்குக் கிளம்புவதென்றால் படுக்கையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் கிளம்புவோம். அந்தக் கட்டை இப்போது எந்த நடைமேடையிலும் காண முடிவதில்லை. அதை நினைத்து இன்னும் ஏங்குகிறேன்.

ஹோல்டாலைப் பார்த்திராத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். முரட்டுக் கித்தான் துணி, காக்கி அல்லது பாசிப்பச்சை நிறம். விரித்தால் ஓர் ஆள் கால்நீட்டிப் படுக்கலாம். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒவ்வோர் உறை. தலைமாட்டு உறைக்குள் தலையணை போகும். கால்மாட்டு உறையில் செருப்பு, சோப்புப் பெட்டி, வழியில் நனைந்த துண்டு. இரு பக்கமும் அகலமான மடிப்புகள் இருக்கும். அவற்றை உள்ளே மடித்துப் போட்டு, ஒரு முனையிலிருந்து சுருட்டிக்கொண்டே போய், இரண்டு தோல்வார்களால் இறுக்கி பக்கிளை மாட்ட வேண்டும். தூக்குவதற்கு ஒரு தோல் கைப்பிடி. எங்கள் வீட்டு ஹோல்டாலை அப்பா சென்னை மூர் மார்க்கெட்டில், பழைய சாமான் கடை ஒன்றில் வாங்கினார். 1985-ல் தீயில் எரிந்துபோன அதே மூர் மார்க்கெட்தான். அதற்கு முன் பட்டாளத்தில் யாரிடமோ இருந்திருக்க வேண்டும்; ஓரத்தில் கறுப்பு மையில் ஓர் எண் எழுதியிருந்தது. எத்தனை முறை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அது போகவில்லை.

சுருட்டுவதற்குக் கைப்பழக்கம் வேண்டும். அடியில் பவானி ஜமுக்காளம், அதன் மேல் மெல்லிய இலவம்பஞ்சு மெத்தை, அதற்கும் மேல் போர்வைகள். விசேஷத்துக்குக் கட்டவேண்டிய பட்டு வேட்டியையும் சேலையையும் அம்மா போர்வை மடிப்புக்குள் நீளவாக்கில் வைப்பாள். டிரங்குப் பெட்டியில் வைத்தால் மடிப்பு விழும். ஹோல்டாலில் வைத்தால், இறங்கி விரித்ததும் இஸ்திரி போட்டதுபோல் வரும். குடையும் தாத்தாவின் கைத்தடியும் சுருளின் நடுவே. எல்லாம் வைத்தான பிறகு அப்பா முட்டியை ஊன்றி அமுக்க, அம்மா வாரை இழுப்பாள். அப்படியும் பக்கிள் எட்டாது. "ஏலே, எங்க போயிட்ட? இதுல ஏறி உக்காருலே" என்று அப்பா கூப்பிடுவார். என் எடையும் சேர்ந்தால்தான் வார் ஓட்டைக்கு வந்து சேரும். அந்த வாரில் அப்பா ஆணியைப் பழுக்கக் காய்ச்சி எடுத்துப் போட்ட கூடுதல் ஓட்டை ஒன்றும் உண்டு. கோடை விடுமுறைக்குப் போகையில் கம்பளி வேண்டியதில்லை, சுருள் சிறுத்துவிடும். அப்போது வார் தொங்காமல் இறுக்கிக் கட்ட அந்த ஓட்டை.

இப்போது ஆளுக்கொரு பெட்டி. அவரவர் அறையில், அவரவர் துணியை, அவரவரே அடுக்கிக்கொள்கிறோம். ஒருவர் அமுக்க இன்னொருவர் இழுக்கிற வேலை எதுவும் அதில் இல்லை.

எழும்பூரில் கொல்லம் மெயில் பிடிக்கப் போவோம். சிவப்புச் சட்டைப் போர்ட்டர் சும்மாட்டை வைத்து, டிரங்குப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொள்வார். பெட்டியின் மூடியில் வெள்ளைப் பெயிண்டில் தாத்தாவின் இனிஷியலும் ஊர்ப்பெயரும் எழுதியிருக்கும். அதற்கு மேல் ஹோல்டால். தண்ணீர்க் கூஜாவை மட்டும் பாட்டி யாரிடமும் தரமாட்டாள். வண்டி ஏறியதும் பெட்டி இருக்கைக்கு அடியில் போய்ச் சங்கிலி மாட்டிக்கொள்ளும். ஊர் போய்ச் சேரும்வரை அதற்கு வேலை இல்லை. ஹோல்டாலுக்கோ அப்போதுதான் வேலையே தொடங்கும்.

வாரை அவிழ்த்துப் பலகையில் உருட்டிவிட்டால் வீட்டு வாசனை எழும்பும். பாச்சை உருண்டை, வெயிலில் காய்ந்த பஞ்சு, தலையணை உறையில் ஊறிய தேங்காய் எண்ணெய். பலகைக் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் சந்து முதுகில் உறைக்காது. எதிரில் நிற்கிற முன்பின் தெரியாத பெரியவர், "தம்பி, சித்த ஓரமா உக்காந்துக்கிடட்டுமா?" என்று கேட்பார். அவருக்கும் இடம் உண்டு. புளியோதரைப் பொட்டலம் பிரிவதும் அதன் மேல்தான். கரி எஞ்சின் கக்கிய தூள் ராத்திரி முழுக்கக் கித்தானில் படியும். மறுநாள் தென்காசியில் இறங்கி, வீட்டுத் திண்ணையில் போட்டு உதறினால் கறுகறுவென்று கொட்டும். வண்டி தாமதம் என்று அறிவித்தாலும் கலக்கம் கிடையாது. நடைமேடையில் விரித்துச் சின்னப் பிள்ளைகளைப் படுக்கப் போட்டுவிட்டுப் பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள்.

எல்லார் வீட்டிலும் ஹோல்டால் கிடையாது. எங்கள் தெருவில் இரண்டோ மூன்றோதான். கல்யாணத்துக்கு அண்டா குண்டான் இரவல் வாங்குவதுபோல அதையும் வாங்கிப் போவார்கள். அப்பா மறுத்து நான் பார்த்ததில்லை. எங்களில் யாரும் காசியை மிதித்தறியாத காலத்திலேயே எங்கள் ஹோல்டால் காசிக்குப் போய் வந்துவிட்டது. எதிர்வீட்டு மாமி அதைத் திருப்பித் தந்தபோது, கூடவே ஒரு சின்னச் செம்பில் அடைத்த கங்கை நீரும் வந்தது. ராமேஸ்வரம் போய்வந்த இன்னொரு குடும்பம் நன்றாக உதறித்தான் கொடுத்தார்கள். ஆனாலும் கால்மாட்டு உறையின் தையல் மூலையில் கடல் மணல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதோடு, ஓட்டை போட்ட தடித்த அட்டை டிக்கெட் ஒன்று. ரொம்ப நாள் அதை என் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன்.

ரயிலில் மட்டுமல்ல, கடல் தாண்டியும் நம்மவர்கள் படுக்கையோடுதான் போனார்கள். 1926-ல் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. அதில் பெரும்பாலோர் டெக் பயணிகள். அவர்களுக்குக் கட்டில் கிடையாது. அவரவர் கொண்டுபோன பாயையும் ஜமுக்காளத்தையும் தளத்தில் விரித்து, வங்கக் கடலைத் தாண்டும்வரை அதிலேயே உட்கார்ந்து, அதிலேயே சாப்பிட்டு, அதிலேயே தூங்கினார்கள். தாத்தாவின் தம்பி அப்படித்தான் பினாங்கு போனார். வேலையும் தெரியாது, பாஷையும் தெரியாது. கையில் இருந்தது ஒரு தகரப் பெட்டியும் ஒரு படுக்கைச் சுருளும். போய்ச் சேர்ந்த இடத்தில் முதல் ராத்திரி அந்தச் சுருளைத்தான் விரித்துப் படுத்தாராம். புது ஊரில் தெரிந்த பொருளாக அது ஒன்றாவது இருந்ததே என்று, இதைச் சொல்லும்போதெல்லாம் பாட்டி கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

சக்கரப் பெட்டியை நான் குறை சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் பெர்னார்ட் சாடோ பெட்டிக்கு அடியில் சக்கரம் வைத்து 1972-ல் காப்புரிமை வாங்கினார். 1987 வாக்கில் ராபர்ட் பிளாத் என்ற விமானி, நிமிர்த்தி வைத்து நீளக் கைப்பிடியால் இழுக்கிற பெட்டியை உருவாக்கினார். அதனால்தான் இன்று தனியாகப் போகிற பெண்ணும் முழங்கால் வலிக்காரரும் யாரையும் எதிர்பார்க்காமல் நடைமேடையைக் கடக்கிறார்கள். இன்னும் சீக்கிரம் வந்திருக்கலாம் என்றுகூடத் தோன்றும். என் குறை அந்தப் பெட்டிக்குள் எது போகிறது என்பதில்தான். சட்டை, பேன்ட், சார்ஜர், மாத்திரை. விமானத்தில் கையோடு எடுத்துப் போக பொதுவாக 7 கிலோ என்கிறபோது தலையணையைப் பற்றி யார் நினைப்பார்கள்? ஏசி பெட்டியில் காகித உறைக்குள் விரிப்பும் போர்வையும் வருகின்றன. அவை துவைத்து வந்தவைதான். இருந்தும் அதில் தலை வைத்தால் எனக்குப் பாதி ராத்திரிக்கு மேல்தான் கண் அசரும். நேற்று யாருக்கோ, நாளை யாருக்கோ, இன்று எனக்கு என்று வரும் தலையணையில் எந்த வீட்டு வாசனையும் இல்லை.

ஸ்லீப்பர் வகுப்பில் போகிறவர்களைப் பார்க்கிறேன். அங்கே பொதுவாக விரிப்பு தருவதில்லை. ஊதுகிற தலையணையை வாயில் வைத்து ஊதுகிறார்கள், பையைத் தலைக்கு வைக்கிறார்கள், குழந்தையை ரெக்சின் மீது துப்பட்டா போட்டுக் கிடத்துகிறார்கள். ஹோல்டாலுக்கான தேவை முழுக்கப் போய்விடவில்லை. சுருட்டிக் கட்டும் பழக்கம்தான் போய்விட்டது.

உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால் தயவுசெய்து பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். இறக்கித் தூசி தட்டி ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவிடுங்கள். தோல்வார் விறைத்திருந்தால் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிடுங்கள், இளகிவிடும். பக்கிள் துருப்பிடித்திருந்தால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் இருக்கிற மெத்தை, போர்வை, தலையணையை வைத்து, பிள்ளைகளையும் மேலே ஏற்றி உட்காரவைத்துக் கட்டிப் பாருங்கள். அடுத்த முறை ஸ்லீப்பரில் ஊருக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள். தலைக்கு 40 கிலோ வரை கட்டணமில்லாமல் கொண்டுபோக ரயில்வே இடம் தருகிறது. கனமாகக் கட்டினாலும் ஹோல்டால் அதில் பாதியைத் தாண்டாது.