பெட்டி வேறு, போர்டு வேறு

கிள்ளான்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுகிறேன். வீட்டில் பழைய காலத்து ஆர்கேட் வீடியோ கேம் பெட்டி ஒன்று வைக்க ஆசை, மெல்பர்னில் கிடைக்கிற ரெடிமேட் பெட்டியை வாங்கலாமா, இல்லை பலகை வாங்கி நானே செய்யலாமா என்று கேட்டிருந்தாய். நீயே செய். அதை எப்படிச் செய்தால் நிலைத்து நிற்கும் என்று சொல்வதற்கு, அந்தப் பெட்டிகள் நம் ஊரில் எப்படிப் பிழைத்தன, எப்படிக் காணாமல் போயின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால்தான் கடிதம்.

கோலாலம்பூரில் நீ பார்த்த பிரிக்பீல்ட்ஸ் 2010-க்குப் பிந்தைய பிரிக்பீல்ட்ஸ், வளைவும் வண்ண விளக்குமாக லிட்டில் இந்தியா ஆன பிறகு உள்ளது. உன் அம்மாவும் நானும் அங்கே வளர்ந்தபோது கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் கிடையாது. அது 2001-ல் வந்தது. அந்த இடம் முழுக்க ரயில்வே யார்டு. தாத்தாவுக்கு ரயில்வேயில் வேலை, எங்களுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ். ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் கடைவீடு ஒன்றின் மாடியில் வீடியோ கேம் கடை இருந்தது. படிக்கட்டில் கால் வைக்கும்போதே சத்தம் கேட்கும். உள்ளே சிகரெட் புகை, சுவரோரம் வரிசையாக மரப்பெட்டிகள், கல்லாவில் டோக்கன் எண்ணிக் கொடுக்கும் சீனப் பெரியவர். பள்ளிச் சீருடையோடு வரக்கூடாது என்று வாசலில் எழுதியிருக்கும். அதனால் பைக்குள் ஒரு டீ-சட்டை எப்போதும் இருக்கும்.

இந்த விளையாட்டுகள் நம் பக்கம் வந்தது ஜப்பான் வழியாக. 1978-ல் தைதோ நிறுவனத்துக்காக தோமோஹிரோ நிஷிகாதோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் அங்கே ஒரு புயல். காப்பிக் கடைகளில் மேசை மாதிரி பெட்டி செய்து, மேலே கண்ணாடி போட்டு, எதிரெதிரே உட்கார்ந்து ஆடினார்கள். 1980-ல் நாம்கோவின் பேக்-மேன், 1981-ல் நின்டெண்டோவின் டாங்கி காங். அதே 1981-ல் பிலிப்பைன்ஸில் அதிபர் மார்க்கோஸ் வீடியோ கேம்களுக்கே தடை போட்டார். இந்தப் பெட்டிகள் மீது அரசாங்கங்களுக்கும் பெற்றோருக்கும் இருந்த சந்தேகம் தொடக்கத்திலிருந்தே இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் நம் கடைகளை உண்மையில் வாழவைத்தது எந்த ஒரு விளையாட்டும் இல்லை. ஒரு கனெக்டர். முதலில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வயர் போட்டது. புது விளையாட்டு வேண்டுமென்றால் பெட்டியின் உள் வயரிங்கையே பிரித்துப் போட வேண்டும், அல்லது பெட்டியோடு வாங்க வேண்டும். 1985-ல் ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் சங்கம் ஒரு பொது முறையை வகுத்தது. சங்கத்தின் பெயரைச் சுருக்கி ஜம்மா என்றே அதற்குப் பெயர். ஒரு பக்கம் 28, மறுபக்கம் 28, மொத்தம் 56 முனைகள். படத்துக்கான சிவப்பு, பச்சை, நீலம், ஒலிபெருக்கி, காசு விழுந்ததைச் சொல்லும் வயர், இரண்டு ஆட்டக்காரர்களின் ஜாய்ஸ்டிக், ஆளுக்கு மூன்று பட்டன், மின்சாரம், எல்லாம் அந்த ஒரே பட்டையில் வந்துவிடும். விளையாட்டு அடங்கிய பழைய சர்க்யூட் போர்டை உருவி, புதியதைச் செருகினால் ஐந்து நிமிடத்தில் பெட்டிக்குள் வேறு விளையாட்டு.

இதனால் என்ன ஆயிற்று என்றால், பெட்டி ஒரு தடவைச் செலவு ஆகிவிட்டது. உள்ளூர்த் தச்சர் பிளைவுட்டில் அடித்துக் கொடுக்கும் பெட்டிக்குள் ஒரு பிக்சர் டியூப் மானிட்டர், ஒரு பவர் சப்ளை, ஜம்மா வயர். அதன் பிறகு கடைக்காரர் வாங்க வேண்டியது போர்டு மட்டும்தான். சின்ன முதலீட்டில் ஒரு மாடிக் கடை ஆண்டுக்கணக்கில் ஓடியதற்குக் காரணம் இதுதான். பெட்டி வேறு, போர்டு வேறு என்பதை நீ மனத்தில் வைத்துக்கொள், கடைசியில் உன் பெட்டிக்கும் இதைத்தான் சொல்லப் போகிறேன்.

பள்ளி முடித்து கிள்ளானில் ஒரு ரேடியோ, டிவி ரிப்பேர் கடையில் நான் வேலை கற்றது உனக்குத் தெரியும். கேம் கடைக்காரர்கள் போர்டுகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றி எடுத்து வருவார்கள். பாதிக்கு மேல் போர்டில் கோளாறே இருக்காது. இந்தப் புழுக்கத்தில் முனைகளில் கறுப்புப் படிந்திருக்கும், பென்சில் அழிப்பானால் தேய்த்து, ஸ்பிரிட்டில் துடைத்தால் உயிர் வந்துவிடும். இல்லையென்றால் மின்சாரம். போர்டுக்கு 5 வோல்ட் வேண்டும். பவர் சப்ளையில் அளந்தால் 5 காட்டும், ஆனால் மெலிந்த வயர் வழியாகப் போர்டுக்குப் போய்ச் சேரும்போது குறைந்திருக்கும், ஆட்டம் பாதியில் நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மீட்டர் முனையைப் போர்டின் மேலேயே வைத்து அளக்க வேண்டும் என்று முதலாளி கற்றுக்கொடுத்தார். இன்னொன்று, அந்தக் கனெக்டரில் ஏழாவது இடத்தில் ஒரு சின்னத் தடுப்பு இருக்கும், தலைகீழாகச் செருகாமல் இருப்பதற்கு. சில பெட்டிகளில் அது உடைந்து விழுந்திருக்கும். அப்படிப்பட்ட பெட்டியில் அவசரமாகப் போர்டை மாட்டினால் ஒரு நொடியில் எல்லாம் எரிந்துவிடும். நீ வாங்கும் கனெக்டரில் அந்தத் தடுப்பு இருக்கிறதா என்று முதலில் பார்.

1991-ல் கேப்காமின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் டூ வந்தது. அதுவரை ஒருவன் ஆட மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். இப்போது இரண்டு பேர் ஒரே பெட்டியில் தோளோடு தோள் நின்று மோதினார்கள். சீனப் பையன், மலாய்ப் பையன், தமிழ்ப் பையன் என்று யார் யாரோ வருவார்கள், பெயர்கூடத் தெரியாது. அடுத்த ஆட்டம் எனக்கு என்று சொல்ல வேண்டியதில்லை, திரைக்குக் கீழே விளிம்பில் உன் டோக்கனை வைத்தால் போதும். அந்த வரிசையை யாரும் மீறி நான் பார்த்ததில்லை. தோற்றவன் நகர்ந்துகொள்ள வேண்டும், ஜெயித்தவன் நிற்பான். ஆளுக்கு ஆறு பட்டன் என்பதால் ஜம்மாவின் மூன்று போதவில்லை. உதைகளுக்கு மட்டும் தனியாக ஒரு வயர்க் கொத்து இழுத்தார்கள். அதற்கு கிக் ஹார்னஸ் என்றே பெயர்.

அந்த விளையாட்டில் தால்சிம் என்று ஓர் இந்திய யோகி உண்டு. பின்னால் யானைகள் நிற்கும், வாயிலிருந்து தீ வரும், கழுத்தில் மண்டையோட்டு மாலை. நம்மைப் பற்றி அதிகம் அறியாதவர்கள் வரைந்த உருவம் அது, அன்றைக்கும் எனக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் உலகமே ஆடும் ஓர் ஆட்டத்தில் நம்மவர் முகம் என்று இருந்தது அவன் ஒருவன்தான். நடையில் மெதுவானவன், தொலைவிலிருந்தே கையை நீட்டி அடிப்பவன், ஆளப் பொறுமை வேண்டும். அவனை வைத்து ஜெயித்துக் காட்டிய தமிழ்ப் பையன்களுக்கு அந்த மாடியில் தனி மரியாதை இருந்தது.

அப்போது கையில் புழங்கிய சில்லறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1989-ல் வந்த நாணய வரிசையில் 5 சென்னில் பம்பரம், 10 சென்னில் சோங்காக், அதாவது நம் பல்லாங்குழி, 50 சென்னில் வாவ் பட்டம். மூன்று விளையாட்டுகளைப் பொறித்த காசுகளைக் கொடுத்து டோக்கன் மாற்றிக்கொண்டிருந்தோம். அன்று அதை நாங்கள் கவனிக்கவே இல்லை. 2012-ல் சிறிய அளவில் புதிய நாணயங்கள் வந்தபோது, விட்டத்தையும் எடையையும் வைத்துக் காசை அறியும் பழைய இயந்திரங்களுக்கு அவை ஒத்துவரவில்லை. இப்போது விற்கும் காசு வாங்கியில் ஒரு மாதிரி நாணயத்தை உள்ளே வைத்துவிடலாம். விழும் காசு அதனோடு ஒத்திருந்தால் மட்டும் ஏற்கும். உன் பெட்டிக்கு வாவ் பட்டம் போட்ட பழைய 50 சென் சேர்த்து வைத்திருக்கிறேன்.

கடைகள் ஏன் போயின என்று கேட்பாய். எல்லாரும் பிளேஸ்டேஷனைச் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. பெட்டியைப் பிழைக்கவைத்த அதே குணம்தான் அதைக் கெடுக்கவும் செய்தது. எந்தப் பெட்டிக்குள்ளும் எந்தப் போர்டையும் வைக்கலாம் என்றால் சூதாட்டப் போர்டையும் வைக்கலாம். கடைக்கு முன்பக்கம் சண்டை விளையாட்டு, திரைச்சீலைக்குப் பின்னால் ஜாக்பாட் என்று சில இடங்களில் நடந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி மரப்பெட்டி. சம்பளப் பணத்தை அங்கே விட்டுவிட்டு வந்த ஆட்களை எனக்குத் தெரியும், அவர்கள் வீடுகள் பட்ட பாடும் தெரியும். சூதாட்டத்துக்கு 1953-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. கோலாலம்பூருக்கு 1992-லும் சிலாங்கூருக்கு 1995-லும் கேளிக்கை இடங்களுக்கான சட்டங்கள் வந்தன. 2000-க்குப் பிறகு உரிமம் கிடைப்பதே அரிதாகிவிட்டது. பேரங்காடிக்குள் வெளிச்சமாக இருக்கும் குடும்பப் பொழுதுபோக்கு மையங்கள் தப்பின, மாடிப்படிக் கடைகள் தப்பவில்லை. அரசாங்கம் செய்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒழுங்காக நடந்த கடைகளும் அந்த வெள்ளத்தில் போய்விட்டன என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

அந்தக் கடைகளில் இன்னொரு குறையும் இருந்தது, அதை நான் வெகுகாலம் குறையாகவே நினைக்கவில்லை. உன் அம்மா அந்த மாடிக்கு ஒரு தடவைகூட ஏறியதில்லை. பெண்பிள்ளைகள் ஏற மாட்டார்கள், ஏறவும் விடமாட்டார்கள். உறவுக்காரர் ஒருவருடைய காப்பிக் கடையில் மேசைப் பெட்டி ஒன்று கொஞ்ச காலம் கிடந்தது. அதில் பேக்-மேன் ஆடும்போது பேய்கள் எந்தத் திருப்பத்தில் எந்தப் பக்கம் போகும் என்று அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். எங்களில் யாருக்கும் அது வரவில்லை. ஆர்கேட் பெட்டி வீட்டுக்குள் வருவதை நான் இவ்வளவு ஆதரிப்பதற்கு முதல் காரணம் அவள்தான். மேசை மாதிரியா, நிற்கும் மாதிரியா என்று நீ முடிவெடுக்கும் முன் அவளைக் கேள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். வீட்டுக்கு வருவதற்கு வழி திறந்தது 1997-ல். நிக்கோலா சல்மோரியா என்ற இத்தாலியர் மேம் என்ற மென்பொருளை வெளியிட்டார், பழைய போர்டுகளின் வேலையைக் கணினியே செய்தது. பழைய போர்டுகள் அழிந்துபோகாமல் பதிவுசெய்வதே அதன் நோக்கம். அது தேவையாகவும் இருந்தது, ஏனென்றால் கேப்காமின் சிபிஎஸ்-2 போர்டுகளில் ஒரு பேட்டரி உண்டு, அது தீர்ந்தால் உள்ளே இருக்கும் குறியீட்டுச் சாவி அழிந்து விளையாட்டே செத்துப்போகும். 2012-ல் ராஸ்பெரி பை வந்தபின் உள்ளங்கை அளவு கணினி போதும் என்றாகிவிட்டது. விளையாட்டுகளை மட்டும் உரிமத்தோடு விற்கும் தொகுப்புகளாக வாங்கு.

2018 முதல் ஆர்கேட் ஒன் அப் நிறுவனத்தின் முக்கால் அளவுப் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. பார்க்க அழகு. ஆனால் அதன் போர்டு அந்தப் பெட்டிக்கென்றே செய்தது, கெட்டுப்போனால் அதே போர்டைத் தேடி அலைய வேண்டும். இரண்டு பெரியவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் முழங்கை இடிக்கும். எனக்கு அந்த இரண்டாவது குறைதான் பெரிது.

ஆகவே முழு அளவில் செய். உள்ளே இன்று ராஸ்பெரி பை வைத்தாலும், ஜம்மா வயரை முழுதாகப் போட்டு, இடையில் ஓர் இணைப்புப் போர்டு வைத்து அதில் மாட்டு. நாளைக்கு ஓர் அசல் போர்டு கிடைத்தால் பையைக் கழற்றிவிட்டு அதைச் செருகலாம். இருபது ஆண்டுக்குப் பிறகு ராஸ்பெரி பையே இல்லாமல் போனாலும் உன் பெட்டி வேலை செய்யும். பட்டன், ஜாய்ஸ்டிக் சன்வா வாங்கு, பட்டனுக்கு 30 மில்லிமீட்டர் துளை. ஜப்பானிய செகா பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அது 100 வோல்ட் என்பதை மறக்காதே, அங்கே டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பிக்சர் டியூப் மானிட்டர் கிடைத்தால் நல்லது. ஆனால் அதன் பின்பக்கத்தை நீ திறக்காதே. மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். தெரிந்தவரை வைத்துச் செய்.

பலகைக்கு எம்டிஎஃப் வேண்டாம், ஈரம் பட்டால் ஊதிவிடும். 18 மில்லிமீட்டர் பிளைவுட் எடு. முன்பக்கப் பட்டன் பலகைக்கும் கைப்பிடிப் பலகைக்கும் மட்டும் ரப்பர் மரம் கேட்டுப் பார், மலேசியாவிலிருந்து உலகமெங்கும் போகிறது. சுமார் 25 ஆண்டு பால் வெட்டிய பிறகு மரத்தை வெட்டி, பூஞ்சை பிடிக்கும் முன்பே மருந்து ஏற்றி, உலர்த்திப் பலகையாக்குகிறார்கள். உன் கொள்ளுத்தாத்தா காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் வெட்டிய மரங்கள் பெரும்பாலும் விறகுக்குத்தான் போயின. வெளிர் நிறம், நல்ல கனம், மணிக்கட்டை வைத்து எவ்வளவு நேரம் ஆடினாலும் உறுத்தாது.

ஜாலான் பசாரில் இரண்டு கிக் ஹார்னஸும், தடுப்பு உள்ள 56 முனைக் கனெக்டர் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். அம்மா டிசம்பரில் இங்கே வரும்போது காசோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன். அதற்குள் உன் வாசல் கதவின் அகலம், நீ நிற்கும்போது முழங்கை இருக்கும் உயரம், அம்மாவின் முழங்கை உயரம் மூன்றையும் அளந்து அனுப்பு. படம் போட்டுத் தருகிறேன், அதன் பிறகு பலகை வெட்டலாம்.

அன்புடன்,
மாமா