ஆட்டுவிக்கும் கை யாருடையது?

போன வருடம் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பள்ளி மாணவர்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். மனித உருவ ரோபோவுக்கு நிரல் எழுதி ஆடவைக்க வேண்டும். முதல் நாள் நிரல் எழுதுவது, மறுநாள் மேடை. எங்கள் மாலை நேர வகுப்புக்கு வரும் இரண்டு பிள்ளைகள், பத்தாவது படிக்கும் ஒரு பெண்ணும் ஒன்பதாவது படிக்கும் ஒரு பையனும், தங்கள் அரசுப் பள்ளி அணியில் இருந்தார்கள். மற்ற இருவரும் ஊர்த்தெருப் பையன்கள். துணைக்கு வரச்சொல்லி ஆசிரியை கேட்டதால் நானும் போனேன்.

ரோபோ ஒன்றரை அடி உயரம். உடம்பு முழுக்க 17 மோட்டார்கள். முழங்கை, தோள், இடுப்பு, முட்டி, கணுக்கால் என ஒவ்வொரு மூட்டும் எத்தனை டிகிரி திரும்ப வேண்டும், எவ்வளவு நேரத்தில் திரும்ப வேண்டும் என்று கணினியில் சொல்ல வேண்டும். ஒரு நிலை, அடுத்த நிலை, அதற்கடுத்த நிலை என்று கோத்துக்கொண்டே போனால் அதுதான் ஆட்டம். நேரத்தை மில்லிசெகண்டில் போட வேண்டும்; ஒரு செகண்டுக்கு ஆயிரம்.

முதல் நாள் காலையில் நான் பார்த்த காட்சி இது. லேப்டாப் முன்னால் ஊர்த்தெருப் பையன்கள் இரண்டு பேர். நம் பையன் பேட்டரியைக் கழற்றி மாட்டிக்கொண்டு, ரோபோ விழாமல் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண்ணை நடுவில் நிற்கவைத்து, "நீ ஆடு, நாங்க பாத்து நிரல் போடுறோம்" என்றார்கள். அவள் ஆடினாள். "திரும்ப ஆடு." ஆடினாள்.

அந்தப் பையன்களிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஒருத்தன் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது, அதனால் உட்கார்ந்தான். நம் பிள்ளைகள் நின்றார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சாதி பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது தோழர்களே. யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை, அவரவர் இடத்துக்கு அவரவர் கால் தானாகப் போய்விடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர்கள் தேர்ந்தெடுத்திருந்தது பறையாட்டம். அந்தப் பெண்ணின் யோசனை. கேட்டதும் எனக்குப் பிடிக்கவில்லை. என் அப்பா சாவுக்குப் பறை அடித்தவர். 80களில் எங்கள் தெருவே சேர்ந்து இனி அடிக்கமாட்டோம் என்று முடிவெடுத்தது. அந்த வருடம் எங்களுக்கு நடவும் இல்லை, அறுப்பும் இல்லை. அப்பா பறையை எரவாணத்தில் சொருகினார், பிறகு எடுக்கவே இல்லை. எத்தனையோ ஊர்களில் அந்தப் பறையைக் கீழே வைப்பதற்காகவே நம் ஆட்கள் அடிபட்டிருக்கிறார்கள். அதைப் போய் ஒரு கல்லூரி மேடையில் ரோபோவை வைத்து ஆட்ட வேண்டுமா என்று நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை.

மதியம் சிக்கல் வந்தது. ரோபோ காலைத் தூக்கும்போதெல்லாம் விழுந்தது. பாட்டுக்கும் அசைவுக்கும் ஒட்டவே இல்லை. பையன்கள் ஏதேதோ எண்ணை மாற்றிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் சொன்னாள்: "காலைத் தூக்குறதுக்கு முன்னாடி இடுப்பை இன்னொரு பக்கம் சாய்க்கணும்டா. நான் ஆடுறப்ப அது தானா நடக்குது, இதுக்குச் சொன்னாத்தான் தெரியும். நவுரு, தாளம் எனக்குத்தான் தெரியும், நேரத்தை நான் போடுறேன்."

அவன் எழுந்தான். அவள் உட்கார்ந்தாள். விரலால் மேசையில் அடித்து எண்ணி, ஒவ்வொரு அடிக்கும் எத்தனை மில்லிசெகண்ட் என்று கணக்குப் போட்டாள். சாயங்காலம் ரோபோ விழாமல் ஆடியது.

மறுநாள் நடுவர் ஒருவர் கேட்டார்: "சாவு மேளத்துக்கு எதுக்கும்மா? பரதநாட்டியம் மாதிரி ஏதாவது பண்ணியிருக்கலாமே." அவள் சொன்னாள்: "சார், அடிக்கச் சொல்லி யாரும் எங்களக் கூப்புடல. நாங்களா எடுத்துட்டு வந்தோம்." அவர்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. அப்பா கீழே வைத்தது பறையை அல்ல, கட்டாயத்தை. அதை முந்தின நாள் நான் மறந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து ரோபோ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் எழுதிய நாடகத்தில்தான் முதலில் வருகிறது. அண்ணன் யோசெப் எடுத்துக்கொடுத்த சொல். செக் மொழியில் ரோபோட்டா என்றால் பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்த கட்டாய உழைப்பு. நம் ஊரில் அதற்குப் பெயர் வெட்டி வேலை. அவர்கள் நாட்டில் 1848இல் அதைச் சட்டப்படி ஒழித்தார்கள். நாம் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது இதே மாவட்டத்தில்தான்.

அதனால் எனக்கு ஆடும் ரோபோவைவிட மலக்குழியில் இறங்கும் ரோபோ முக்கியம். கேரளத்து இளைஞர்கள் உருவாக்கிய 'பேண்டிகூட்' 2018இல் திருவனந்தபுரத்தில் அந்த வேலைக்கு வந்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. சாவு நிற்கவில்லை. ஆனால் அந்த எந்திரத்தைச் செய்யப்போகிறவர்களும் ஒருநாள் இப்படி ஒரு போட்டியில், ஒரு பொம்மையை விழாமல் நிற்கவைக்கப் பழகியவர்களாகத்தான் இருப்பார்கள். அங்கே நம் பிள்ளைகளின் கை இருக்க வேண்டும்.

புதுக்கோட்டைக்கு இது புதிதல்ல. 90களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள், அதில் குவாரியில் கல் உடைத்தவர்களும் உண்டு, சைக்கிளில் ஏறினார்கள். கேலி செய்தார்கள், ஏசினார்கள். அவர்கள் இறங்கவில்லை. சைக்கிள் அவர்களைச் சும்மா தூக்கிக்கொண்டு போகவில்லை, ஹேண்டில்பார் அவர்கள் கையில் இருந்தது. அதுதான் விஷயம்.

மாணவத் தோழர்களுக்குச் சில வேலைகள் இருக்கின்றன. அடல் டிங்கரிங் ஆய்வகத்துக்கு ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மத்திய அரசு தருகிறது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கானது. உங்கள் பகுதிப் பள்ளியில் அது இருக்கிறதா? சாவி யாரிடம்? வாரத்தில் எத்தனை மணி நேரம் திறக்கிறது? யார் உள்ளே போகிறார்கள்? போய்ப் பாருங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

இன்னொன்று. 'ரோபோகப் ஜூனியர்' என்ற உலகப் போட்டியில் 2000ஆம் ஆண்டு முதலே ரோபோ நடனம் உண்டு, இப்போது அதற்கு 'ஆன்ஸ்டேஜ்' என்று பெயர். அதில் மேடை ஆட்டத்துக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. அணியில் யார் எதைச் செய்தார்கள் என்று மாணவர்களையே உட்காரவைத்துக் கேட்கிறார்கள். நம் ஊர்ப் போட்டிகளிலும் இது வேண்டும் என்று கேளுங்கள். கேட்கும்போதுதான் பேட்டரி பிடித்தவன் யார், கீபோர்டு பிடித்தவன் யார் என்பது வெளியே வரும்.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டான்: "அண்ணே, அடுத்த தடவ நான் உக்காரலாமா?"

"அத ஏன்டா எங்கிட்டக் கேக்குற? போய் உக்காரு" என்றேன். இப்போது சனிக்கிழமை தோறும் வகுப்பில் ஒரே ஒரு பழைய லேப்டாப்பைச் சுற்றி எட்டுப் பேர் உட்காருகிறார்கள். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். முறை தவறினால் சண்டைதான். அந்தச் சண்டை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜெய் பீம்.