ஜாமெட்ரி பாக்ஸ்

போகிக்கு முந்தின நாள் மகனுடைய அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்பில் வாங்கிய ஜாமெட்ரி பாக்ஸ் ஒன்று கிடைத்தது. உள்ளே 41 மாத்திரைகள். சிலவற்றில் நிறம் போயிருந்தது. வாயில் வைத்துத் துப்பியவை.

அவனுக்கு முதல் மாத்திரை கொடுத்தபோது ஏழு வயது, 22 கிலோ. மீதைல்ஃபெனிடேட், 18 மில்லிகிராம். 1944இல் இதை முதலில் தயாரித்த வேதியியலாளர் பனிசோன், மனைவி மார்கரீட்டின் செல்லப் பெயரான ரீட்டாவை வைத்துத்தான் ரிட்டாலின் என்று பெயரிட்டாராம். அவ்வளவு பிரியமான பெயர் கொண்ட மருந்தை நம்மூர்க் கடையில் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். சட்டத்தில் அது அட்டவணை எக்ஸ். சீட்டின் ஒரு பிரதியைக் கடைக்காரர் இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும். பல கடைகளில் இருக்கவே இருக்காது.

முதல் வாரமே ஒரு படம் முழுக்கக் கோட்டுக்குள் வண்ணம் அடித்தான். நான் சமையலறைக்குப் போய் அழுதேன். மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது, ராத்திரி ஒன்பது மணிக்குப் பசி என்பான். அதெல்லாம் சமாளிக்கக்கூடியதாக இருந்தது.

பதினான்கு வயதில் பழைய புகார்கள் திரும்பின. "மாத்திரை கேக்கவே மாட்டேங்குது டாக்டர்" என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: பையன் இப்போ 51 கிலோ, ஆனா எடையை மட்டும் பார்த்து அளவு வைக்கிறதில்லை. ஏழு வயசுல அவன் நாள் மூணு மணிக்கு முடிஞ்சுது. இப்போ ட்யூஷன் முடிய எட்டு ஆகுது. காலைல போட்டது அதுவரைக்கும் எப்படி நிக்கும்? ஓட்டமும் துள்ளலும் வயசோட குறையும், கவனம் சிதறுறது பல பேருக்குத் தங்கிடும்.

27 ஆக்கினார், பிறகு 36. முன்னைவிட மோசமானான். மருந்து தோற்றுவிட்டது என்றே முடிவு கட்டியிருந்தேன்.

டப்பாவை மேஜையில் வைத்தேன். கத்தத் தயாராகத்தான் இருந்தேன்.

"முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சும்மா. சாயங்காலம்தான் நிக்கல. அதைத்தான் சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் ஏத்திட்டீங்க. 36 போட்டா கிளாஸ்ல எல்லாரும் சிரிக்கிறானுங்க, எனக்குச் சிரிப்பே வரல. ஜோக் புரியுது. சிரிப்புதான் வரல."

ஏழு வருஷமாக அந்த மாத்திரையைப் பற்றி ஆசிரியர்களிடம் கேட்டிருக்கிறேன், டாக்டரிடம் கேட்டிருக்கிறேன், மதிப்பெண் அட்டையிடம்கூடக் கேட்டிருக்கிறேன். விழுங்குகிறவனிடம் "சாப்ட்டியா?" என்பதற்கு மேல் கேட்டதாக ஞாபகம் இல்லை. வீடு அமைதியாக இருந்த நாட்களை அவன் நன்றாக இருந்த நாட்கள் என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

அடுத்த முறை டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொன்னார். இருபது நிமிஷம். நடுவில் ஒருமுறை உள்ளே இருவரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மறுபடி 27க்கு இறக்கினார். கணக்கு ட்யூஷனை நிறுத்தினோம். டாக்டர் சொன்னதில் எனக்கு அதிகம் வலித்தது அதுதான். சாயங்காலங்கள் கலவரமாகத்தான் போகின்றன. சாவி தொலைகிறது, பால் பொங்கி வழிகிறது, பாதி எழுதிய நோட்டு மொட்டை மாடியில் கிடக்கிறது.

அட்டை இப்போது அவனிடம்தான் இருக்கிறது. எண்ண மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமைகளில், அவன் கிரிக்கெட்டுக்குப் போன பிறகு, எண்ணுகிறேன்.