டபுள் கிளட்ச்

எங்கள் மாமா நாமக்கல்லில் லாரி ஓட்டியவர். அவர் வாயில் 'டபுள் கிளட்ச்' என்றால் காலால் செய்கிற ஒரு வேலை. கிளட்சை மிதி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவா, கிளட்சை விடு, ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டு, மறுபடி கிளட்சை மிதி, கீழ் கியரைப் போடு. பல்லின் வேகத்தைத் தானே சமன்செய்கிற சிங்க்ரோ இல்லாத அந்தக் காலத்து கியர் பெட்டியில் இந்த வரிசை தப்பினால் பல்லோடு பல் உரசுவது ஊருக்கே கேட்கும். கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளிக்குப் போகிற ரோட்டில், காலி லாரியில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். நான் போட்ட முதல் கியருக்கு, வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மாமா திட்டவில்லை. "கையில போடாத மாப்ள, காதுல போடு" என்றார்.

இன்று என் வீட்டு வாசலில் நிற்கிற காரிலும் டபுள் கிளட்ச்தான். பெட்டிக்குள் நிஜமாகவே இரண்டு கிளட்ச் இருக்கிறது. என் காலுக்குத்தான் வேலை இல்லை.

ஒன்று, மூன்று, ஐந்து ஒரு கிளட்சின் பொறுப்பு. இரண்டு, நான்கு, ஆறு மற்றதன் பொறுப்பு. மூன்றில் போய்க்கொண்டிருக்கும்போதே நான்காவது கியர் பல் கோத்துத் தயாராக நிற்கும். ஒரு கிளட்ச் விடவிட இன்னொன்று பிடித்துக்கொள்ளும். சாமி பல்லக்குத் தூக்குகிறவர்கள் தோள் மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள்; ஆள் மாறுவார்கள், பல்லக்கு நிற்காது. அப்படி.

யோசனை பழையது. ரஷ்ய ஜார் மன்னரின் கார்க் கொட்டகையில் வேலை பார்த்த அடால்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1939-லேயே இதை வகுத்துவிட்டார். செய்து ஓட்டுவதற்குத்தான் காலம் பிடித்தது. எண்பதுகளில் போர்ஷே தன் பந்தயக் கார்களில் வைத்துப் பார்த்தது. 1986-ல் மோன்சா பந்தயத்தில் அந்தப் பெட்டியோடு போர்ஷே 962 ஜெயித்தது. சாலைக்கு அதைக் கொண்டுவந்தது 2003-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32. பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 2007-ல் நிஸான் ஜிடி-ஆர் கிளட்ச் பெடலே இல்லாமல் வந்தது. 2009-ல் ஃபெராரி 458-ம் அப்படியே. உலோகத் தட்டில் வெட்டிய பள்ளங்களுக்குள் 'டிளக்' என்று கியர் ராடு விழுகிற அந்தப் பழைய ஃபெராரி அழகு, நடு எஞ்சின் வி8 வரிசையில் எஃப்430-யோடு முடிந்துபோனது.

இதில் நான் கவனித்து வந்தது போர்ஷேவின் ஜிடி3 கதையை. 2013-ல் அதையும் பிடிகே என்கிற இரட்டைக் கிளட்சோடு மட்டும்தான் விற்றார்கள். அதுதான் வேகம், அதனால் அதுதான் சரி என்பது அவர்கள் கணக்கு. 2016-ல் மேனுவல் கியரோடு 911 ஆர் என்று 991 கார்கள் மட்டும் செய்தார்கள். போட்ட விலைக்குப் பல மடங்கில் அவை கைமாறின. மறு வருஷமே ஜிடி3-க்கு மேனுவல் திரும்பி வந்தது. 2021-ல் வந்த ஜிடி3-யின் கணக்கைப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட பிடிகே எடுப்பது 3.4 வினாடி, மேனுவல் 3.9. அரை வினாடி பிந்தும் என்று எழுதியே கொடுத்த பிறகும், கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். (உச்ச வேகம் மேனுவலுக்கு 320, பிடிகேவுக்கு 318. இதை வைத்து வாதாடுகிற அளவுக்கு நான் இன்னும் இறங்கவில்லை.)

அந்த அரை வினாடியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். ஜிடி3 ஓட்டியதில்லை. என்னிடம் இருந்தது கறுப்பு நிறத்தில் ஒரு டர்போ பெட்ரோல் செடான், ஐந்து கியர், மூன்றாவது கை. கம்பெனிப் பெயர் எதற்கு. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு முன்னால் பிரேக்கில் கால் முன்பகுதி, அதே காலின் விளிம்பால் ஆக்சிலரேட்டரில் ஒரு தட்டு, இடது கால் கிளட்சில், மூன்றிலிருந்து இரண்டு. மூன்றை விட்டாயிற்று, இரண்டு இன்னும் விழவில்லை. அந்த நேரத்தில் வண்டி எந்தக் கியரிலும் இல்லை. எஞ்சின் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்துவைக்க வேண்டியது நான், மாமா சொன்ன காதை வைத்துக்கொண்டு. எழுபதில் ஐந்தாறு வளைவில் கச்சிதமாக அமையும். மிச்சத்தில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, தப்பு என்று சொல்லிவிடும்.

புதுப் பெட்டி அந்த இடைவெளியைத்தான் ஒழித்துக்கட்டியிருக்கிறது. அதைச் செய்யத்தான் அது பிறந்தது. குறை சொல்ல வழியில்லை. போன தை மாதம் இந்தக் காரில் அதே மலை ஏறினேன். எழுபது வளைவும் கச்சிதம். சும்மா விட்டால் வளைவு வருவது தெரியாமல் மேல் கியருக்குப் போகப் பார்க்கிறது என்று ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள பட்டைகளால் மாற்றினேன். கொண்டை ஊசியில் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பும்போது பட்டையும் கூடவே சுற்றிப்போய்விடுகிறது. கை காற்றைத் தடவுகிறது. ஆனாலும் கீழ் கியருக்குப் போகும்போது எஞ்சினை அதுவே ஒரு தட்டுத் தட்டிக்கொள்கிறது. நான் வருஷக்கணக்கில் பழகியதை யாரோ ஒரு பொறியாளர் சில வரிகளில் எழுதிப் போட்டுவிட்டார். என் மனைவிக்கு மகிழ்ச்சி. "இப்பத்தாங்க வண்டியில பேசிட்டு வர முடியுது" என்றாள். பழைய காரில் மலை ஏறினால் "கொஞ்சம் சும்மா இரு, சத்தம் கேக்கணும்" என்பேனாம்.

விற்றதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. சென்னையில் ஓஎம்ஆரில் தினமும் ஒன்றரை மணி நேரம் ஹாஃப் கிளட்சில் ஊர்ந்து இடது முழங்கால் கேட்டுக்கொண்டது. டாக்டரும் கேட்டுக்கொண்டார். கொடுத்துவிட்டேன். இன்றும் சிக்னலில் நிற்கும்போது இடது கால் தரையை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்புகிறது.

இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கும் அதே ஊரில் ஹூண்டாய் ஐ20 என் லைன் செய்கிறார்கள். 2021-ல் வந்தபோது அதில் கிளட்ச் பெடலே கிடையாது. ஒன்று இரட்டைக் கிளட்ச், இல்லாவிட்டால் ராடு மட்டும் இருக்கிற ஐஎம்டி. 2023-ல் மூன்று பெடலோடு ஆறு கியர் மேனுவல் கொடுத்தார்கள். செய்தியைப் படித்துவிட்டு ஷோரூம் வரை போனேன். உட்கார்ந்து கிளட்சை நாலைந்து தடவை மிதித்தேன். முழங்கால் ஞாபகப்படுத்தியது. எழுந்து வந்துவிட்டேன்.

என் கறுப்பு வண்டி சேலம் பக்கம் போனதாகக் கேள்வி. வைத்திருப்பவர் இதைப் படித்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். காலையில் எஞ்சின் சூடாவதற்கு முன் இரண்டாவது கியர் விழ மறுக்கும். அது வண்டியின் குற்றம் இல்லை, நான் அவசரத்தில் தள்ளித் தள்ளிக் கெடுத்தது. நீங்களும் தள்ளாதீர்கள். ஒரு டபுள் கிளட்ச் போடுங்கள், விழுந்துவிடும்.